ஆலங்கட்டி மழையில் ஒரு படகு

கப்பல் என்று பொருள்படும் சொல்லைத் தலைப்பிலேயே கொண்ட ‘ஸஃபீனத்துந் நஜா’வை இருபத்தைந்தாண்டுகளாக மாணவர்க்குப் பாடம் சொல்லி வந்துள்ளோம்; ஆனால், ஒரு படகின் சுக்கானைத் தொட்டதில்லை. 2024 ஏப்ரல் இறுதியில், இங்கிலாந்தில் தொழில்புரியும் நம் மகன் வாடகைப் படகில் லாங்கோலன் கால்வாய்க்கு அழைத்துச் சென்றபோதுதான் அது நம் கைக்கு வந்தது.

அந்நாட்டு வசந்தத்தை நம்புவதற்கில்லை. கைலியை உலர்த்தினால் வெயில் மறையும். உள்ளே எடுத்தால் மீண்டும் காயும். ஏழடிக்கும் குறைந்த அகலமுள்ள படகு, மணிக்கு 4 மைலுக்கு மேல் செல்லலாகாது. கரையில் நடப்போர் நம்மை முந்திச் சென்றனர்.

1805இல் திறக்கப்பட்ட பொன்ட்கசில்தே நீர்ப்பாலத்தில், டீ ஆற்றுக்கு 126 அடி உயரே, இரும்புத் தொட்டிக்குள் படகு ஊர்ந்தது. ஒருபுறம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபுறம் தொட்டியின் விளிம்பன்றி வேறு தடுப்பில்லை. நாம் கீழே பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நேர்ந்தது அங்கன்று, திரும்பும் வழியில், நியூ மார்ட்டன் நீர்ப்பூட்டில். இரு கதவுகளுக்கிடையே படகை நிறுத்தி, கீழ்க்கதவின் மதகைத் திறந்தால் நீர் வடியும், படகும் இறங்கும். மேற்கதவின் அடியில் வாசற்படிபோல் ஒரு மேடை உண்டு. படகின் பின்புறம் அதன்மேல் சிக்கினால், முன்புறம் மட்டும் தாழ்ந்து படகு மூழ்கிவிடும். சுவரிலிட்ட வெள்ளைக் கோட்டுக்கு முன்னே படகை நிறுத்தி வைப்பதே நம் பணி. திடீரென ஆலங்கட்டி மழை கொட்டியது. சுக்கானை விட்டு உள்ளே ஒதுங்கினோம். சற்றைக்கெல்லாம் அலமாரியிலிருந்த கோப்பைகள் சரிந்து விழுந்தன.

மகன் மதகை மூடி, ஓடிச்சென்று மேல்மதகைத் திறந்தான். நீர் ஏறியது, படகு நிமிர்ந்தது.

பன்னிரண்டு வயதில் அவன் ஓர் அரபு வினையைப் பிழையாகச் சொல்லியபோது, வகுப்பு முழுவதும் பார்த்திருக்க நாம் ஏசிய ஏச்சு நினைவுக்கு வந்தது. அதன்பின் அவன் நம்மிடம் அரபு படித்ததில்லை. இப்போது அவன் முறை என்றே நின்றோம்.

“வாப்பா, கை விறைச்சுப் போச்சா? என் கையுறையைப் போட்டுக்கங்க” என்றான்.

சில நிமிடங்களில் வெயிலடித்தது. அடுத்த பூட்டிலும் சுக்கானை நம்மிடமே கொடுத்துவிட்டுக் கரையில் இறங்கினான். வெள்ளைக் கோட்டைவிட்டு நாம் கண்ணை எடுக்கவில்லை.