பஸ்ஸுக்குள்ளே குடித்தனம்... தண்ணிக்கு என்ன பண்றது?

அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட்னு ஒரு குட்டி ஊர். ஜனவரியில், வண்டியையே வீடாக்கினவங்க அமெரிக்கா முழுக்க இருந்து வந்து குவியுறாங்க. பழைய ஸ்கூல் பஸ்ஸும் அதில் உண்டு!

கட்டில், அடுப்பெல்லாம் சுலபம் பாஸ். கையைக் கடிக்கிறது டாங்க்தான். நல்ல தண்ணிக்கு ஒண்ணு, குளிச்ச தண்ணிக்கு ஒண்ணு, கக்கூஸுக்கு ஒண்ணு. புதுசு வாங்கினா பர்ஸ் காலி!

நான் பார்த்த ஒரு பஸ்ஸில் 55 கேலன் நீல டிரம், செகண்ட் ஹேண்ட். "விலை கேட்கிறதுக்கு முன்னாடி, இதுல என்ன இருந்துச்சுன்னு கேளு" என்றார் பஸ்காரர். உணவுப் பொருள்னா ஓகே. ரசாயனம்னா பிளாஸ்டிக் அதை உறிஞ்சி வெச்சிருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் குடிக்க ஆகாது. சல்லிசா கிடைக்குதேன்னு வாங்கினா, ஆபத்து வயித்துக்கு!

அடுத்தது எடை. நிரம்பினா 208 லிட்டர், அதாவது 208 கிலோ. பிரேக் போட்டா உருளாம இருக்க, சட்டத்தோட சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்.

கக்கூஸ் டாங்க்? அதையே தூக்கிட்டார். சிறுநீர் தனியா, மத்தது மரத்தூளோட பக்கெட்டில். எதையும் மணலில் கொட்டாம, அதுக்குன்னு உள்ள இடத்தில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.

கிளம்பும்போது கை கழுவினேன். "அரை டம்ளர் போதும்" என்றார். குழாயை உடனே மூடிட்டேன்!