கொல்லிமலையின் அதிர்ஷ்டசாலி வில்லாளி

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது எருமப்பட்டி. சுற்றிலும் சின்ன வெங்காயக் காடுகள், சோளம், நிலக்கடலை, இடையிடையே நீளநீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள். வடக்கே திரும்பினால் கண்ணை மறித்து நிற்பது கொல்லிமலை. வண்டியில் மேலே போக வேண்டுமென்றால் சேந்தமங்கலம் பக்கம் சுற்றிக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஆகாய கங்கையில் குளிக்கவும், அறப்பளீஸ்வரரையும் எட்டுக்கை அம்மனையும் கும்பிடவும், மிளகும் பலாவும் வாங்கவும் போகிறவர்களால் அந்த வளைவுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் திணறுகின்றன. எனக்கு அந்த மலை வேறொரு காரணத்துக்காக முக்கியம். தமிழில் பதிவாகியிருக்கும் அம்புகளில் மிக அதிர்ஷ்டமான அம்பு எய்யப்பட்டது அங்கேதான். எய்தவன் சங்க காலத்தில் அந்த மலைநாட்டின் தலைவனாக இருந்த வல்வில் ஓரி. அவனை அதிர்ஷ்டசாலி என்று சொன்னால் மலையடிவார ஊர்களில் சிலருக்குக் கோபம் வரலாம். அந்தக் கோபம் தேவையில்லை, அதிர்ஷ்டசாலி என்பது வில்லாளிக்குச் சொல்லத்தக்க பெரிய பாராட்டுகளில் ஒன்று என்பதே என் கட்சி.

முதலில் அந்த அம்பு என்ன செய்தது என்று பார்ப்போம். புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் சொல்கிறார்: யானையை வீழ்த்திய அம்பு அதோடு நிற்காமல் புலியைக் கொன்றது, புள்ளிமானை உருட்டியது, காட்டுப்பன்றியைச் சாய்த்தது, கடைசியில் பக்கத்துப் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்தது. ஒரே அம்பு, ஐந்து உயிர்கள். இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். தடித்த தோலும் பெரிய உடம்பும் உள்ள யானை முதலில் வருகிறது, சின்னஞ்சிறு உடும்பு கடைசியில் வருகிறது. அம்பின் வேகம் குறையக் குறைய, அது துளைக்க வேண்டிய உடம்பும் பெரும்பாலும் சிறுத்துக்கொண்டே போகிறது. மாற்றி அடுக்கியிருந்தால், அதாவது உடும்பில் தொடங்கி யானையில் முடித்திருந்தால், கேட்பவர் சிரித்திருப்பார். வன்பரணருக்கு வில்லும் தெரிந்திருக்கிறது, கேட்பவரின் சந்தேகமும் தெரிந்திருக்கிறது. ஆனால் யானையும் புலியும் மானும் பன்றியும் ஒரே நேர்கோட்டில், ஒன்றின் பின் ஒன்றாக, அதுவும் ஒரு புற்றுக்கு நேராக வந்து நின்றது யாருடைய திறமை? எந்த வேட்டைக்காரனாலும் அப்படி நிறுத்தி வைக்க முடியாது. வில்லின் வலு ஓரியுடையது. அந்த நேர்கோடு அவனுடையது அல்ல.

இதே கேள்வியை இன்று மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. கணினி விளையாட்டுகளில் ரோக்லைக் என்றொரு வகை. 1980 வாக்கில் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் எழுதிய ‘ரோக்’ என்ற விளையாட்டின் வழிவந்தவை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பாதாளக் குகைக்குள் இறங்கி, 26ஆம் தளத்துக்கு வந்தபின் கிடைக்கும் ஒரு தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வர வேண்டும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் குகையின் அறைகள், அரக்கர்கள், கிடைக்கும் பொருள்கள் எல்லாம் புதிதாகக் கலைத்துப் போடப்படும். போன முறை கற்ற வழி இந்த முறை உதவாது. செத்தால் செத்ததுதான். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்த் தப்பைத் திருத்திக்கொள்ள முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரோக்கில் ஆட்டக்காரனின் பையில் தொடக்கத்திலேயே ஒரு வில்லும் கொஞ்சம் அம்புகளும் இருந்தன என்பதை இங்கே குறித்து வைப்போம். இந்த வகை விளையாட்டு பிறந்தபோதே வில்லோடு பிறந்தது.

1987இல் வெளிவந்து இன்றும் ஆடப்படும் நெட்ஹேக்கில் வில்லாளியின் பிழைப்பு இன்னும் விவரமானது. ரேஞ்சர் என்ற பாத்திரத்தை எடுத்தால் நல்ல அம்புகள் 50 முதல் 59 வரையும், சாதாரண அம்புகள் 30 முதல் 39 வரையும் கையில் இருக்கும். சரியான எண்ணிக்கை என்ன என்பதைக்கூட ஆட்டம் தொடங்கும் முன்பே பகடை முடிவு செய்துவிடுகிறது. நாணை ஒருமுறை இழுத்தால் ஓர் அம்பு போகலாம், இரண்டு மூன்று சேர்ந்தும் போகலாம். பயிற்சி கூடினால் கூடுதல் அம்பு போகும் வாய்ப்பு கூடும், உறுதி மட்டும் கிடையாது. இலக்கில் பட்ட அம்பு உடைந்து போகலாம், தண்ணீருக்குள் விழுந்தது போனதுதான். வாள் வைத்திருப்பவனுக்கு இந்தக் கவலை இல்லை. வில்லாளி மட்டும் தன் செல்வத்தை எறிந்து எறிந்தே பிழைக்க வேண்டியவன். அதனால் வாள்காரனின் வெற்றியைவிட அவன் வெற்றி தற்செயலுக்கு அதிகம் கடன்பட்டிருக்கும். நெட்ஹேக் அதிர்ஷ்டத்தை ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது, கழித்தல் 13 முதல் கூட்டல் 13 வரை. அம்பு படுமா படாதா என்ற கணக்கில் அந்த எண்ணும் சேர்கிறது. கணினியின் நாட்காட்டியைப் பார்த்து, பௌர்ணமியன்று ஆட உட்கார்ந்தால் அந்த எண்ணில் ஒன்று கூட்டிக்கொள்ளும். ஒரு கணினி நிரலுக்குள் பௌர்ணமி ராசி எப்படிப் புகுந்தது என்று யோசிக்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஏறிய அதிர்ஷ்டம் நிற்கவும் நிற்காது: 600 திருப்பங்களுக்கு ஒருமுறை ஒரு படி சுழியத்தை நோக்கி இறங்கும். அதற்கென்று உள்ள கல் ஒன்று பையில் இருந்தால்தான் தங்கும்.

இப்படி எல்லாமே பகடை என்றால் வெற்றிக்கு என்ன மதிப்பு என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. பதிலுக்கு இரண்டு சான்றுகள் உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980களின் தொடக்கத்தில் ‘ரோக்-ஓ-மேட்டிக்’ என்றொரு நிரலை எழுதினார்கள். மனிதர் கைபடாமல் அதுவே ரோக்கை ஆடும். 1984இல் அது தாயத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தே விட்டது. ஆனால் அதை எழுதியவர்கள் அந்த ஒரு வெற்றியை மட்டும் தூக்கிப் பிடித்துத் தங்கள் நிரலே சிறந்தது என்று சொல்லவில்லை. 1983இல் மூன்று வாரங்கள் நடந்த எல்லா ஆட்டங்களையும் எடுத்து, மதிப்பெண்களை வரிசைப்படுத்தி, நட்டநடுவில் நிற்கும் எண்ணை அந்தப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் இருந்த மிகச் சிறந்த 15 ஆட்டக்காரர்களின் நடு எண்ணோடு ஒப்பிட்டார்கள். நிரலின் நடு எண்ணே உயர்ந்திருந்தது. திறமையை அளக்க வேண்டுமென்றால் அதுதான் அளவுகோல்: உச்சத்தைப் பார்க்கக் கூடாது, நடுவைப் பார்க்க வேண்டும். இரண்டாவது சான்று 2021இல் நெட்ஹேக்குக்காக நடந்த செயற்கை அறிவுப் போட்டி. பல குழுக்கள் நிரல்களை அனுப்பின, அவை எண்ணற்ற ஆட்டங்கள் ஆடித் தீர்த்தன. ஒரு நிரல்கூட ஆட்டத்தை முடிக்கவில்லை, முடிவுக்கு அருகில்கூட வரவில்லை. அதிர்ஷ்டம் மட்டுமே போதுமென்றால் அத்தனை ஆட்டங்களில் ஒன்றாவது கைகூடியிருக்க வேண்டும். அதே விளையாட்டை அடுத்தடுத்துப் பத்து முறைக்கு மேல் வென்ற மனிதர்கள் இருக்கிறார்கள்.

எனவே என் வாதம் இப்படி வந்து நிற்கிறது. ஒரு தனி வெற்றி, வென்றவன் மற்றவர்களைவிடச் சிறந்தவன் என்பதற்குச் சான்றாகாது. ஆனால் நல்ல வாய்ப்பு வந்தபோது அதைக் கடைசிவரை இழுத்துச் செல்லும் இருப்பு அவனிடம் இருந்தது என்பதற்கு அது சான்று. எருமப்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வெங்காயத்தின் விலை எப்போது ஏறும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஏறும் நாளில் பலன் யாருக்கு? பட்டறை போட்டு, காற்றோட்டம் விட்டு, மழை படாமல் காய்களைக் காத்து வைத்தவருக்குத்தான். அறுத்த கையோடு விற்றுவிட்டவர் அதே விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார். விலை ஏறியது அதிர்ஷ்டம், பட்டறையில் காய் இருந்தது உழைப்பு. ஓரியின் அம்பிலும் இதுவே நடந்திருக்கிறது. அந்த ஐந்து விலங்குகளும் சாதாரண வில்லாளி ஒருவனுக்கு முன்னால் அதே வரிசையில் நின்றிருந்தால், அம்பு யானையின் விலாவில் தைத்து நின்றிருக்கும். பின்னால் புலியும் மானும் பன்றியும் வரிசையாக நின்றன என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. காட்டில் அப்படிப்பட்ட நேர்கோடுகள் அமைந்து, யாரும் அறியாமல் கலைந்து போயிருக்கக்கூடும். ஐந்தையும் துளைக்கும் வலு இருந்த வில்லுக்கு மட்டுமே அது அதிர்ஷ்டமாகத் தெரிய வந்தது.

இதெல்லாம் புலவர் அளந்துவிட்ட கதை, அதை நம்பி வாதம் கட்டலாமா என்ற மறுப்பு இங்கே வரும். யானையை ஊடுருவிப் புலிவரை அம்பை அனுப்பும் மர வில் உலகத்தில் கிடையாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இன்றைய கொல்லிமலையில் யானையும் இல்லை, புலியும் இல்லை, சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. ஆனால் மிகைப்படுத்துகிறவர் எந்தத் திசையில் மிகைப்படுத்துகிறார் என்பது சான்றுதான். வெறும் குறி தவறாமையைப் புகழ வேண்டுமென்றால் ஐந்து அம்புகள், ஐந்து விலங்குகள் என்று பாடியிருக்கலாம். அது நம்பும்படியாகவும் இருந்திருக்கும், கைத்திறனையும் ஐயமின்றிக் காட்டியிருக்கும். வன்பரணர் அதை விட்டுவிட்டு, தற்செயல் இல்லாமல் நடக்கவே முடியாத ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தார். அவர் காலத்துக் கேட்பவர்களுக்கு வலுவும் வாய்ப்பும் ஒன்றாகச் சேரும் கணம்தான் வியப்பாக இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். விளையாட்டு எழுதுகிறவர்களும் இந்த ஆசையிலிருந்து தப்பவில்லை. 2006இல் வந்த ‘டன்ஜன் கிரால் ஸ்டோன் சூப்’ என்ற ரோக்லைக்கில், வரிசையாக நிற்கும் அரக்கர்களையெல்லாம் ஊடுருவிப் போகும் அம்பு உண்டு. அப்படி ஒன்று கைக்கு வந்த ஆட்டக்காரர் அகலமான அறையில் நின்று சண்டை போடுவதில்லை. ஒடுங்கிய நடைவழிக்குள் பின்வாங்குவார், துரத்தி வருபவை வேறு வழியின்றி ஒன்றன்பின் ஒன்றாக வரும். வாய்ப்பைத் தேடி இடம் மாறி நிற்பது எவ்வளவு பெரிய திறமை என்பதை அந்த நடைவழி காட்டிவிடுகிறது.

இன்னொரு மறுப்பு மரியாதை பற்றியது. கடையெழு வள்ளல்களில் ஒருவனை, ஒரு மலைநாட்டின் தலைவனை, பகடை உருட்டும் விளையாட்டோடு சேர்த்துப் பேசுவது அவனைச் சிறுமைப்படுத்தாதா? அந்தப் பாட்டிலேயே இதற்கு விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. காட்டு வழியில் எதிர்ப்பட்ட வேட்டைக்காரன் யாரென்று புலவருக்குத் தெரியவில்லை. கறி விற்கப் போகிறவனாகத் தோன்றவில்லை, மார்பில் ஆரமும் செல்வக் களையும் இருக்கின்றன, ஒருவேளை ஓரியாக இருக்குமோ, இல்லையோ என்று தடுமாறுகிறார். பாணர் கூட்டம் இசைத்துப் பாடி அவனைப் புகழ்ந்தபோது அவன் நாணுகிறான். பிறகு மான்கறியும் மதுவும் தந்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணிகளையும் அந்தக் காட்டிடையிலேயே அள்ளிக் கொடுக்கிறான். பெருந்தன்மை உள்ளவன் தன் புகழ் கேட்டு நாணுவது வழக்கம்தான் என்று இதைக் கடந்து போய்விடலாம். நான் கொஞ்சம் கூடுதலாக வாசிக்கிறேன்: அந்த நேர்கோடு தன் கையில் இல்லை என்பது எய்தவனுக்குத்தான் மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அந்த அறிவு நாணமாகவும் வெளிப்படும், கைக்கு வந்ததை அள்ளிக் கொடுப்பதாகவும் வெளிப்படும். இப்படி வாசித்தால் ஓரியின் உயரம் குறைவதாக எனக்குத் தெரியவில்லை.

அதிர்ஷ்டம் தங்காது என்பதற்கும் சங்கப் பாடல்களே சாட்சி. திருக்கோவலூர்ப் பக்கத்து மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. வென்ற காரி ஓரியின் பெருந்தெருவுக்குள் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் ஓர் உவமையாகப் பயன்படுத்தும் அளவுக்கு அது ஊரறிந்த செய்தியாக இருந்திருக்கிறது. ஐந்து உயிர்களைத் துளைத்த வில் அந்தப் போரில் உதவவில்லை. ஒரு வெற்றி அடுத்ததற்கு உத்தரவாதம் தராது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே வள்ளல் பட்டியலில் இடம் பெற்றிருப்பதும் கவனிக்கத்தக்கது. தொகுத்தவர்கள் வெற்றியை வைத்து ஆளை அளக்கவில்லை.

70 வளைவுகள் ஏறிச் செம்மேடு போனால் குதிரைமீது ஓரி சிலையாக இருக்கிறான். ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் அரசு அவனுக்கு விழா எடுக்கிறது. பதினெட்டாம் பெருக்கும் சேர்ந்து வருவதால் மலையில் கூட்டம் தாங்காது. விழாவை ஒட்டி வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. நிலையான இலக்கு, அளந்த தூரம், ஒவ்வொருவருக்கும் இத்தனை அம்புகள் என்ற கணக்கு என்று எந்த வில்வித்தைப் போட்டியும் தற்செயலை முடிந்தவரை வெளியே நிறுத்தப் பார்க்கும். திறமையை அளக்க அதுவே சரி, ரோக்-ஓ-மேட்டிக் எழுதியவர்கள் செய்ததும் அதுதான். ஆனால் மேடையில் ஓரியைப் பற்றிப் பேசும்போது வில்லின் வலுவைச் சொல்லிவிட்டு நேர்கோட்டை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும், காரியின் பெயரையும் தவிர்த்தால் அதிலும் பாதி. இந்த விஷயத்தில் நெட்ஹேக் நேர்மையானது. ஆட்டம் முடிந்ததும், வென்றாலும் செத்தாலும், ஆட்டக்காரர் கேட்டால் கையில் இருந்த பொருள்கள், கற்ற திறன்கள், கொன்ற அரக்கர்கள் என்று கணக்கை வரிசையாக விரிக்கும். அந்த வரிசையில், அதிர்ஷ்ட எண் உயர்ந்திருந்தால், நீ மிகவும் அதிர்ஷ்டசாலியாக இருந்தாய் என்று ஒரு வரியும் இருக்கும்.