ட்வீட்டர் போயிடுச்சு

ரிசீவர் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி அப்பா தீர்ப்பு சொன்னார். "ட்வீட்டர் போயிடுச்சுடா. உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

எனக்குப் பக்கென்றது. இருபத்திரண்டாயிரம் ரூபாய். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒன்பதாவது மாடி ஃபிளாட் ஒன்றில், கனடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் வாங்கியது. ஏழு சேனல், கூடவே நாலு ஸ்பீக்கர், ஒரு சென்டர் ஸ்பீக்கர், ஒரு சப்ஊஃபர். வாங்கி ஆறு வருஷம் ஆனது என்றாலும் அட்டைப்பெட்டி, தெர்மாகோல், செட்டிங் மைக் எல்லாம் பத்திரமாக இருந்தன. பழைய சாமான் வாங்குகிறவனுக்கு அட்டைப்பெட்டியைப் பார்த்தாலே பாதி நம்பிக்கை வந்துவிடும். பத்து கிலோவுக்கு மேல் இருக்கும் அந்தப் பெட்டியை நண்பனின் ஆம்னியில் ஏற்றி அத்திப்பள்ளி தாண்டி ஜூஜூவாடிக்குள் நுழைந்தபோது அப்பாவுக்கு போன் போட்டேன். "செக்போஸ்ட்ல பில்லு கேட்டாங்களா?" என்றார். 2017இல் ஜிஎஸ்டி வந்ததோடு வணிகவரிச் சோதனையெல்லாம் போய்விட்டது என்பதை அவருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. அவருடைய எல்லை இன்னும் தொண்ணூறுகளிலேயே நிற்கிறது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டிரான்ஸ்ஃபார்மரையும் ஐசிக்களையும் டிபன் கேரியர் பையின் அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு, பஸ்ஸில் கொண்டுவந்த காலம் அது.

அப்பா எங்கள் லைனுக்கு சவுண்டு இன்ஜினியர். சம்பளத்துக்கு பவர் பிரஸ் ஆப்பரேட்டர். தர்மபுரிப் பக்கத்திலிருந்து 1987இல் ஓசூர் வந்தார். எழுபதுகளில் சிப்காட் வந்தது, பெரிய கம்பெனிகள் வந்தன, அவற்றுக்கு பார்ட்ஸ் அடித்துக்கொடுக்கச் சின்னச் சின்ன ஷெட்டுகள் வந்தன. அப்படிப்பட்ட ஷெட்டுகள் மூன்றில் முப்பத்தைந்து வருஷம் இருந்தார். தகட்டை டைக்குள் வைப்பார், பிரஸ் இறங்கும், ஒரு பிராக்கெட் விழும். மறுபடி தகடு. மூக்கண்டப்பள்ளியில் எங்களுடையது பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ரூமும் சமையலறையும் கொண்ட லைன் வீடு. ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவியதும் சால்டரிங் அயர்னை சொருகிவிடுவார். ரெசின் புகை வாசம் வந்தால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம்.

அவர் செய்தது எல்லாம் எஸ்டிகே 4141 செட்டு. சான்யோ கம்பெனியின் ஐசி அது. ஒரே கட்டையில் இரண்டு சேனல், சேனலுக்கு இருபத்தைந்து வாட். 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு பெரிய கெப்பாசிட்டர், ஒரு அலுமினிய ஹீட் சிங்க், பேஸ் ட்ரிபிள் போர்டு. பத்து வீடு கொண்ட லைனில் ஏழு வீட்டில் அப்பா கட்டிக்கொடுத்த செட்டு ஓடியது. டிவிடி காலம் வந்ததும், பின்பக்கம் ஆறு ஆர்சிஏ பின் வைத்த பிளேயருக்கு மூன்று எஸ்டிகே போட்டு 5.1 கட்டினார். கொஞ்சம் காசு கூடக் கொடுத்தவர்களுக்கு முகப்பில் நீல எல்இடி. முன்னால் பெரிய ஜப்பான் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிக் கேட்டால் மட்டும் கோபம் வரும். "நான் செஞ்சதுக்கு எவன் பேரோ எதுக்கு?" என்பார்.

செட்டு முடிந்தால் ஒரு சடங்கு உண்டு. கேசட்டைப் போட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து உட்கார்வார். நாங்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது. சில நொடிகளில் "லெஃப்ட்ல லேசா கரகரன்னுது" என்று எழுந்துபோய் ஒரு ஜாயின்டை மட்டும் சூடு காட்டுவார். சரியாகிவிடும். கரகரப்பு எங்கே இருந்தது என்று எங்களுக்கு ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் காதுதான் இப்போது ட்வீட்டர் போயிடுச்சு என்கிறது. எப்படி நம்பாமல் இருப்பது?

ரிசீவர் என்ற பேரிலேயே வீட்டில் குழப்பம். "போன்ல வெப்பாங்களே, அதா?" என்றாள் அம்மா. ஒரு காலத்தில் ரேடியோவைப் பிடிக்கிற வேலையும் இந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்ததால் ஒட்டிக்கொண்ட பேர் அது. ரேடியோவை இப்போது யாரும் அதில் கேட்பதில்லை, பேர் மட்டும் நிற்கிறது. டிவியிலிருந்து வரும் டால்பி, டிடிஎஸ் சங்கதிகளைப் பிரித்து, எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று முடிவுசெய்து, பெருக்கி அனுப்புவதுதான் அதன் வேலை. அப்பா பாஷையில் சொன்னால் டீகோடரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில்.

வந்த முதல் நாளே தகராறு செய்தது. ஆன் செய்தால் ஐந்து நொடியில் அணைந்து சிவப்பு விளக்கு மினுக்கும். புரொடெக்ட் மோடு. யூடியூபில் பார்த்தால் ஐசி போச்சு, போர்டு போச்சு என்று ஆளுக்கொரு சாவு செய்தி. அப்பா எதையும் பார்க்கவில்லை. பின்பக்கம் இருட்டில் கையை விட்டு, ஸ்பீக்கர் வயர் ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே போனார். சென்டர் ஸ்பீக்கரில் நின்றார். முறுக்காமல் விட்ட ஒரே ஒரு செம்பு இழை, மயிர் கனம், பிளஸ்ஸிலிருந்து மைனஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. "கம்பிய முறுக்கி வெக்கத் தெரியல, ஏழு சேனல் கேக்குது இவனுக்கு" என்றார். அவ்வளவுதான், ஓட ஆரம்பித்தது. இரண்டாம் நாள் ஒருமுறை அணைந்தது. அது அம்மாவின் வேலை. மிக்ஸி, டிவி, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் பூப்போட்ட உறை தைத்தவள், ரிசீவர் தலையிலும் ஒன்றை விரித்திருந்தாள். சூடு வெளியேற வழியில்லை. உறை இப்போது சப்ஊஃபர் மேல் இருக்கிறது.

அடுத்தது மைக் வைத்து ரூமை அளப்பது. முக்காலியில் மைக்கை வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'விய்ய்ப்' என்று ஒரு சத்தம் போட்டு, அது திரும்பிவரும் நேரத்தைக் கணக்கிட்டு, எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தூரம் என்று சொல்லும். காற்றில் சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய மூன்று மில்லி செகண்ட். அது புரிந்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது. ஆனால் எங்கள் தெருவில் அளக்க விட்டால்தானே! லாரி, குக்கர், இரண்டு வீடு தள்ளி லேத் பட்டறை. 'சுற்றுப்புற இரைச்சல் அதிகம்' என்று நாலு தடவை நிறுத்திவிட்டது. ஜப்பானில் யாரோ எழுதிவைத்த புரோகிராம் மூக்கண்டப்பள்ளியைப் பற்றிச் சொன்ன முதல் கருத்து. ராத்திரி ஒன்றரை மணிக்கு அளந்து முடித்தோம். சப்ஊஃபர் பதினான்கு அடி தூரத்தில் இருப்பதாகச் சொன்னது. "நம்ம ரூமே பன்னெண்டு அடிதான்டா" என்றார் அப்பா. சப்ஊஃபருக்குள் இருக்கும் சர்க்யூட்டே கொஞ்சம் தாமதம் செய்யும், அதையும் சேர்த்துத் தூரமாகக் காட்டும், அதைத் திருத்தக் கூடாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மறுநாள்தான் அந்தத் தீர்ப்பு. ட்வீட்டர் போயிடுச்சு. எல்லாம் மூடினாப்பல இருக்கு, யாரும் தெளிவா பேசல, சலங்கை சத்தமே இல்ல.

நான் இடதை வலதாக மாற்றிப்போட்டேன். ட்ரிபிளை ஏற்றினேன். எனக்குக் காது கூசியது, அவருக்குப் போதவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு அந்த ஃபிளாட்காரருக்குக் கோபமாக ஒரு மெசேஜ் அனுப்பினேன், விற்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று. காலையில் பதில் வந்தது. 'கிளம்ப இன்னும் நாலு நாள் இருக்கிறது, திரும்பக் கொண்டுவாருங்கள், பணம் தருகிறேன்.' அந்த மரியாதை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

திரும்பக் கொடுப்பதற்கு முன் எந்த ட்வீட்டர் என்று கண்டுபிடித்துவிடலாமே என்று ஒரு டெஸ்ட் சத்தத்தை ஓடவிட்டேன். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 வரை ஒரே கோடாக ஏறிப்போகும் ஊளை. அக்கா மகள் ஆறு வயது, அவளும் இருந்தாள். கேட்கிற வரைக்கும் கையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும் என்று விளையாட்டாகச் சொன்னேன். மூன்று கை எழுந்தது. ஊளை ஏறியது. மூவாயிரத்தைத் தாண்டியதும் அப்பா கையை இறக்கிவிட்டு, "பாத்தியா, நின்னுபோச்சு" என்றார்.

எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நன்றாகவே கேட்டது. எண் ஏறிக்கொண்டே போனது, ஐந்தாயிரம், எட்டாயிரம். பதினைந்தாயிரத்தை ஒட்டி நான் கையை இறக்கினேன். பாப்பா மட்டும் இன்னும் தூக்கியே வைத்திருந்தாள், காதைச் சுளித்துக்கொண்டு. அப்பா அவள் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இன்னும் போகுதா?" என்றார். பாப்பா தலையாட்டினாள்.

எவ்வளவு நாளாக என்று யோசித்தால் எல்லாம் நினைவுக்கு வருகிறது. சட்டி கேட்டால் தட்டு எடுத்து வருவார். கடை, சடை, படை எல்லாம் அவருக்கு ஒன்று. உயிரெழுத்து கீழ் சுருதியில் இருக்கிறது, அது கேட்கும். ச, ஸ, த, க எல்லாம் மேலே இருக்கிறது, மெலிந்தது, அதுதான் முதலில் போகும். சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. அவர் எரிந்துவிழுவார், "வாயத் தெறந்து பேசுங்களேன்". அப்பாவுக்கு வயதாகி முன்கோபம் வந்துவிட்டது என்று நாங்கள் முடிவுசெய்து வைத்திருந்தோம்.

ஃபிளாட்காரரிடம் மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். காரணம் எழுதவில்லை.

கிருஷ்ணகிரியில் காது பரிசோதனை செய்தோம். கண்ணாடிக்கூண்டுக்குள் அப்பா ஹெட்போன் மாட்டி உட்கார்ந்து, கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். வெளியே வந்த வரைபடத்தில் வலது காதுக்கு வட்டம், இடது காதுக்குப் பெருக்கல் குறி. இரண்டாயிரம் வரை சமாளித்து வந்த கோடு, நாலாயிரத்தில் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. "என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண். பிரஸ் ஷாப் என்றதும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இரைச்சலால் வரும் சேதம் பெரும்பாலும் நாலாயிரத்தை ஒட்டித்தான் தொடங்குமாம். உட்காதில் இருக்கும் மயிர்செல்கள் செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை.

ரிசீவரில் வால்யூம் மைனஸில்தான் காட்டும். -30, -25 என்று. பூஜ்ஜியம் என்பது சினிமா தியேட்டரின் அளவு: ஒரு ஸ்பீக்கரின் உச்சம் 105 டெசிபல், சப்ஊஃபருக்கு 115. வீட்டில் யாரும் அங்கே போவதில்லை. அப்பா வேலை பார்த்த காலத்தில் நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் எல்லையாக இருந்தது, 115ஐத் தாண்டி ஒரு நிமிஷம்கூட யாரையும் நிறுத்தக் கூடாது என்று இருந்தது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாகவே இருந்தது. ராத்திரி உட்கார்ந்து இதையெல்லாம் படித்து அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "எந்தக் கம்பெனி மேல போடுவ? ரெண்டு ஷெட்டு இப்ப கல்யாண மண்டபம்" என்றார்.

காதுக்கு எதுவும் தரவில்லையா என்று கேட்டேன். "குடுப்பாங்க. ஆரஞ்சு கலர்ல பஞ்சு மாதிரி." மாட்டவில்லையா? அவர் பதில் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் சங்கடம். டை விரிசல் விடப்போகிறது என்றால் முதலில் சத்தத்தில்தான் தெரியுமாம். இறங்குகிற பிரஸ்ஸின் சத்தம் கொஞ்சம் மாறும். அடைத்துக்கொண்டால் அது கேட்காது, கேட்காவிட்டால் விரல் போகும். பக்கத்து மிஷின்காரருக்கு இரண்டு விரல் போயிருக்கிறது. விரலா காதா என்று வந்தபோது அவர் விரலை வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் பரணில் இருந்த அவருடைய பழைய 5.1 செட்டை இறக்கினேன். நகர்த்தியபோது அடியில் ஏதோ மெத்தென்று இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். நாலு மூலையிலும், டிரான்ஸ்ஃபார்மர் சட்டத்துக்குக் கீழேயும், ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு. காது அடைப்பான்கள். வெட்டி, ஃபெவிகால் போட்டு ஒட்டியிருந்தார். "ஹம் அடிக்காம இருக்க வெச்சேன். அதுக்கு அருமையான சாமான்" என்றார். லைன் முழுக்கக் கட்டிக்கொடுத்த செட்டுகளுக்கும் அதே பஞ்சுதான் வைத்தாராம். எங்கள் லைனில் எல்லா ஆம்ப்ளிஃபையருக்கும் காதுப் பாதுகாப்பு இருந்திருக்கிறது.

ஹியரிங் எய்டு வேண்டாம் என்று மூன்று மாதம் சாதித்தார். ஒரு காதுக்குச் சொன்ன விலையில் ரிசீவரே இரண்டு வாங்கலாம், அது ஒரு காரணம். நானும் ரிசீவரில் சென்டர் ஸ்பீக்கரை ஏற்றி, வசனத்தைத் தூக்கிக்காட்டும் செட்டிங்கைப் போட்டு, அவருக்கென்று தனியாக ஒன்று பதிந்துவைத்தேன். அதில் அம்மாவுக்குத் தலைவலி வந்தது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் பக்கத்து வீட்டு ஒடிசாக்காரப் பையன் ஒருநாள் வாசலில் வந்து நின்றான், எதுவும் சொல்லாமல். கடைசியில் அப்பா இறங்கி வந்தது வேறு காரணத்துக்காக. அந்தப் பெண் பேச்சுவாக்கில், "இதுவும் ஒரு ஆம்ப்ளிஃபையர்தான் சார், உங்க வரைபடத்துல எங்க பள்ளமோ அங்க மட்டும் ஏத்தும்" என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தன சேனல்?" என்றார். பதினாறு என்று பதில் வந்தது. "உள்ள என்ன ஐசி?" அவருக்குத் தெரியவில்லை. அப்பா கொஞ்சம் ஏமாந்தார், ஆனாலும் ஒரு வாரம் போட்டுப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் விசில் அடிக்கும் ஒவ்வொரு முறையும் துள்ளினார். வீட்டில் ஃபேனை நிறுத்தச் சொன்னார். அம்மா செருப்பைத் தேய்த்து நடக்கிறாள் என்று கண்டுபிடித்தார். நான் ரிசீவரை ஆன் செய்து, சலங்கைச் சத்தம் வரும் பாட்டாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனிக்கவேயில்லை. பழைய செட்டின் பிளக்கை எடுத்துச் சொருகினார். கேசட் இல்லை, டிவிடி இல்லை, எதுவும் இணைக்கவில்லை. வால்யூமை மெல்லத் திருகி, பழையபடி கண்ணை மூடி, தலையைச் சாய்த்து ஸ்பீக்கர் அருகே உட்கார்ந்தார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

"ஏன்டா, இவ்ளோ இரைச்சலா இதுல? உஸ்ஸுன்னு அடிக்குதே. இதையா ஊருக்கெல்லாம் கட்டிக்குடுத்தேன்?"

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சால்டரிங் அயர்ன் எங்கே என்று அம்மாவைக் கேட்டார்.