அடுக்களையில் வீண்விரயம் வேண்டாம்

கள்ளக்குறிச்சியில் எங்கள் அடுக்களையைப் புதுப்பிக்க முனைந்தபோது, உறவினர் பலரும் சமையல் மேடைக்கு வெள்ளைப் பளிங்கையே பரிந்துரைத்தனர். மனைவியோ, "கல்வராயன் மலைப் புளி கரைக்காத நாள் நம் வீட்டில் உண்டா?" என்று கேட்டார். பளிங்கும் கடப்பாவும் சுண்ணாம்பு இனக் கற்கள். புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்து மங்கும். கிரானைட் தாங்கும். ஆகவே மேடைக்குக் கருப்புக் கிரானைட்டைத் தேர்ந்தோம். சுவருக்கு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க எளிதான வழவழப்பு டைல்ஸ். தரைக்கோ, முதிய தாயாரின் ஈரக்கால் வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ். கைப்பணத்துக்குள் முடிந்ததால் வட்டித் தவணையை நாடவில்லை. பிறர் மெச்சச் செலவிடுவது முகஸ்துதி. பெற்றவளின் பாதுகாப்புக்குச் செலவிடுவது நன்மை. சமைப்பவரிடம் மஷூரா செய்த பின்னரே கடைக்குச் செல்லுங்கள். அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.