மகள் கொண்டுவந்த கிரில்



நான் நாவிதன்வெளிப் பிரதேசத்தில் சாளம்பைக்கேணியில் இருக்கிறேன். 1990இல் கணவரை இழந்தபோது என் மகளுக்கு ஐந்து மாதம். அன்றிலிருந்து அடுப்பை நம்பித்தான் அவளை வளர்த்தேன். காலையில் இடியப்பம், பின்னேரம் ரொட்டி, சம்பல். முப்பது வருடம் விறகுப் புகையில் நின்றதன் பலன் இப்போது நெஞ்சில் இருக்கிறது. "இனிப் புகைக்குக் கிட்டப் போகாதீங்க உம்மா" என்று டொக்டர் சொன்னார். போகாமல் எதைச் சாப்பிடுவது என்று அவரிடம் கேட்கவில்லை. வீட்டுப் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர்வரை இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. எங்கள் குசினிகளும் அந்தக் கணக்குக்குள்தான் வரும்.

காஸ் அடுப்பு வாங்கலாம் என்றிருந்தேன். 2021 கடைசியில் நாட்டில் பல இடங்களில் காஸ் அடுப்பு வெடித்த செய்தி வந்தது. பயந்துபோனேன். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய் ஆனதும் ஆசையும் போய்விட்டது.

மகள் சவுதியில் வீட்டு வேலை செய்கிறாள். அடுத்த வருடம் லீவில் வரும்போது வீட்டுக்காரி கொடுத்த பழைய கிரில் ஒன்றைக் கொண்டுவந்தாள். மேலும் கீழும் இரண்டு தட்டு; இடையில் வைத்து மூடினால் இரண்டு பக்கமும் ஒன்றாக வேகும். "இனி நீங்க ஊத வேண்டாம் உம்மா" என்று சொல்லி பிளக்கை மாட்டினாள். மூன்று நிமிடம் ஆகவில்லை. புகை கிளம்பி வயர் உருகியது. புகை வராத அடுப்பென்று வந்தது, விறகைவிட மோசமாகப் புகைந்தது!

அடியில் பார்த்தால் 110-127 வோல்ட் என்று எழுதியிருந்தது. சவுதியில் பல வீடுகளில் நெடுங்காலம் அந்த அளவு மின்சாரம்தான் இருந்தது. நமக்கு 230. ஏறக்குறைய இரண்டு மடங்கு வோல்ட் கொடுத்தால் சூடு இரண்டு மடங்கல்ல, மூன்று மடங்குக்கு மேல் ஏறும் என்று வயரிங் வேலை செய்யும் தம்பி விளக்கினார். வெளிநாட்டிலிருந்து சாமான் வரும் வீடுகளில் முதலில் அந்த எழுத்தைப் பாருங்கள். மகள் அன்று அழுதாள். கிரிலுக்காக அல்ல, இதைக் கொண்டுவருவதற்காக தன் பிள்ளையின் சாமானில் பாதியைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

போகுமுன் கல்முனைக்குப் போய் 230 வோல்ட், 1000 வாட் கிரில் ஒன்று வாங்கித் தந்தாள். இந்தச் சாமானை உலகெங்கும் பிரபலமாக்கியது ஜோர்ஜ் போர்மன் என்ற குத்துச்சண்டை வீரரின் பெயர். 1974இல் கின்ஷாசாவில் முகம்மது அலியிடம் தோற்றவர், இருபது வருடம் கழித்து 45 வயதில் மறுபடி சம்பியன் ஆனார். அதே 1994இல்தான் அவர் பெயரில் கிரில் வந்தது. 10 கோடிக்கு மேல் விற்றதாம். வாப்பா உயிரோடு இருந்திருந்தால் அலியிடம் அடிவாங்கியவரின் அடுப்பா என்று சிரித்திருப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சூடை மீனில் மஞ்சள், மிளகு, உப்பு, தேசிக்காய்ப் புளி பிரட்டி வைத்தால் ஏழெட்டு நிமிடம். எண்ணெய் ஒரு துளி போதும். பிரஷர் இருக்கிற எனக்கு அது பெரிய காரியம். முதல்நாள் பாணுக்குள் கட்டுச் சம்பல் வைத்து அழுத்தினால் மொறுமொறுவென்று வரும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதை வாங்குகிறார்கள். ரொட்டி சுட்டதைவிட நின்று வேகும் நேரம் குறைவு. நெஞ்சும் லேசாக இருக்கிறது.

ஆனால் சோறும் ஆணமும் இதில் ஆக்க முடியாது. கோழியைத் தடிப்பாக வெட்டினால் வெளியே கருகி உள்ளே இரத்தம் நிற்கும். மெல்லியதாக வெட்ட வேண்டும், அல்லது அதை விட்டுவிட வேண்டும். நான் முதல் வாரமே இரும்புக் கரண்டியால் சுரண்டித் தட்டின் பூச்சைக் கெடுத்துக்கொண்டேன். இப்போது மரக்கரண்டிதான். தண்ணீரில் அமிழ்த்திக் கழுவ முடியாது. பிளக்கைக் கழற்றி ஆறவிட்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மீன் மணம் போக அடுத்தநாள் தேசிக்காய்த் தோலால் தேய்ப்பேன்.

பில்லைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 1000 வாட் கிரில் கால் மணித்தியாலம் முழுச் சூட்டில் எரிந்தால் கால் அலகு. தினமும் அப்படி என்றால் மாதம் ஏழரை அலகு. அது பெரிதில்லை. ஆனால் மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கட்டணம். பிரிஜ் இருக்கிற வீட்டில் இந்த ஏழரைதான் தள்ளிவிடும். அதனால் ஒவ்வொரு வெள்ளியும் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறேன். கூடுகிற மாதம் விற்பனைக்கு மட்டும் போடுவேன், எனக்கென்று போடமாட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா சவளக்கடைப் பக்கத்திலிருந்து வந்தவர். அவரும் கணவரை இழந்தவர். "நானும் ஒன்று வாங்கட்டா தங்கச்சி?" என்று கேட்டார். அவர் வீட்டில் பல்ப்புக்குப் போட்ட மெல்லிய வயரிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் கறண்ட் எடுத்திருக்கிறார்கள். முதலில் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு வயரையும் ட்ரிப் சுவிட்சையும் பாருங்கள், அதற்குப் பிறகு கிரில் என்றேன். அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். நான் கஞ்சத்தனமாகச் சொன்னதாக நினைத்திருப்பார்.

விறகடுப்பை நான் உடைக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் நின்றதை மறக்க முடியுமா? 2024 நவம்பர் மழையில் கிட்டங்கி வீதியை வெள்ளம் மூடியது. இரண்டு நாள் கறண்டும் இல்லை. கிரிலைத் துணியால் மூடி உயரத்தில் வைத்துவிட்டு அடுப்பை மூட்டினேன். அக்காவும் தன் பானையோடு வந்தார். இருமி இருமித்தான் இருவரும் ஆக்கினோம். மூன்றாம் நாள் கறண்ட் வந்ததும் மகள் போன் எடுத்தாள். முதலில் கேட்டது, "கிரில் நனையலதானே உம்மா?"