கன்னு போட்ட மாட்டுக்குத் தண்ணி காட்டுவோம்

போன வாரம் கட்டுத்தரையில மயிலைப் பசு கன்னு போட்டுச்சுங்க. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். கன்னு எந்திரிச்சு நிக்கறதுக்குள்ளயே அம்மா வெதுவெதுப்பான தண்ணியில கருப்பட்டி கரைச்சு, தவிடு போட்டு ஒரு வாளி கொண்டாந்து வெச்சாங்க. மாடு ஒரே மூச்சுல குடிச்சுட்டு வாளியை முட்டுச்சு. இன்னொரு வாளி வெச்சாங்க. அதுவும் காலி.

"ஈன உடம்பு, வறண்டு கெடக்கும். நல்லாக் குடிக்கட்டும்" அப்படின்னாங்க அம்மா. சொல்லிட்டு சித்த நேரம் வாளியையே பாத்துட்டு நின்னாங்க. எதுக்கு நின்னாங்கன்னு எனக்குத் தெரியும். ரொம்ப நாளா எழுதணும்னு நெனைச்சு எழுதாம விட்ட விஷயம் அதுதான். இன்னைக்கு எழுதிடறேன்.

டவுன்ல இருக்கற உங்கள்ல பல பேருக்கு இது தெரியாம இருக்கலாம். எங்க பக்கத்துல, பல்லடம், காங்கேயம் சுத்துவட்டாரத்துல, பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணி குடுக்க மாட்டாங்க. சுத்தமா இல்லைன்னு இல்ல; பூண்டுக் கொழம்பு, செலவு ரசம், பிரசவ லேகியம்னு எல்லாம் உண்டு. ஆனா தாகம்னு கேட்டா சீரகம் போட்டுக் காய்ச்சின தண்ணி ஒரு டம்ளர், அதுவும் அளந்து. தண்ணி குடிச்சா வயிறு பெருத்துக்கும், புள்ளைக்குச் சளி புடிச்சுக்கும், தையல் சீழ் கட்டும்னு சொல்லுவாங்க. கொடுமைக்குன்னு யாரும் பண்றதில்ல. பெத்த பொண்ணு மேல பாசம் எச்சா இருக்கற வீட்டுலதான் இந்தக் கண்டிப்பும் எச்சா இருக்கும்.

என் தங்கச்சி 1996ல எங்க வீட்டுலதான் பிரசவத்துக்கு வந்திருந்தா. பொண்ணு பொறந்துச்சு, சுகப் பிரசவம். பத்தாம் நாள் தலைவலின்னா. பன்னெண்டாம் நாள் விடியக்காலம் வெட்டு வந்துச்சு. கையில சாவிக்கொத்தைக் குடுத்தோம். நின்னு, மறுபடியும் வந்துச்சு. பச்சை உடம்புக்காரி, பொழுதோட பொடக்காளிக்குப் போயிருக்கா, காத்து அடிச்சிருச்சுன்னு ஊரே சொல்லுச்சு. மந்திரிச்சுக் கயிறு கட்டுனோம். அதுல அரை நாள் போச்சு. அப்ப 108 எல்லாம் கிடையாது. தமிழ்நாட்டுக்கு அது வந்ததே 2008லதான். வாடகைக் காரைப் புடிச்சுட்டுப் போறப்ப சூலூர் தாண்டறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுருச்சு. அவளுக்கு வயசு இருபத்தொண்ணு.

அந்தக் குழந்தையை அம்மாதான் வளத்துனாங்க. அவ படிச்சு, கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலைக்குப் போயி, கல்யாணமும் ஆச்சு. 2023ல பிரசவத்துக்கு அவளும் இதே வீட்டுக்குத்தான் வந்தா. அம்மா, அதாவது அவளோட அம்மாயி, எல்லாத்தையும் பாத்துக்கிட்டாங்க. சீரகத் தண்ணி, ஒரு நாளைக்கு மூணு டம்ளர். சித்திரை மாச வெயில்.

"தண்ணி வேணும் அம்மாயி"ன்னு கேட்டா. "வேண்டாங்கண்ணு, பொறுத்துக்க"ன்னாங்க அம்மா. படிச்ச பொண்ணுதான். ஆனா தன்னைத் தூக்கி வளத்துன கிழவியோட மனசு நோகக் கூடாதுன்னு பொறுத்துக்கிட்டா. நான் திண்ணையில உக்காந்து இதையெல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். பொம்பளைங்க காரியம், நமக்கென்ன தெரியும்னு எந்திரிச்சு வாழைக்குத் தண்ணி கட்டப் போயிட்டேன். இதுல மத்தவங்களைக் குத்தம் சொல்றதுக்கு முன்னால என்னைச் சொல்லிக்கணும்.

ஒன்பதாம் நாள் அவளுக்குத் தலைவலி. ராத்திரித் தூக்கம் இல்லாததுதான்னு நெனைச்சோம். பக்கத்து டவுன்ல ஒரு டாக்டர்கிட்டக் காட்டுனோம். மாத்திரை எழுதிக் குடுத்தாரு. படுத்தா வலி எச்சாகுதுன்னா. வாந்தி எடுத்தா. பதினோராம் நாள் காலையில பால் குடுத்துட்டு இருந்தவளுக்கு வலது கை இழுத்துச்சு, அப்புறம் ஒடம்பு பூராம் வெட்டு. அம்மா "ஐயோ சாமி, மறுபடியுமா"ன்னு கத்துனது இன்னும் காதுல இருக்குது. இந்தத் தடவை சாவிக்கொத்தைத் தேடலை. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்குப் போன் பண்ணுனோம். ஒண்ணரை மணி நேரத்துல கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தோம்.

ஸ்கேன் எடுத்துட்டு நரம்பு டாக்டர் எங்களைக் கூப்புட்டாரு. மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு, ஆனா அதுக்குக் காரணம் ரத்தம் கட்டுனதுன்னாரு. எனக்குப் புரியலை. "என்ன தொழில் பண்றீங்க?"ன்னு கேட்டாரு. விவசாயம்னேன். அப்புறம் அவரு சொன்னது இதுதான்.

பொதுவா பக்கவாதம்னு சொல்றது வாய்க்கால்ல அடைப்பு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோற தமனி அடைச்சுக்கும். அதுக்கு அந்தப் பக்கம் இருக்கற வயல் காஞ்சு போகும். இவளுக்கு அடைச்சது வடிகால். மூளையில இருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவர்ற சிரையில, மண்டை ஓட்டுக்கு அடியில உச்சி நெடுக முன்னால இருந்து பின்னால ஓடற பெரிய சிரையில, ரத்தம் உறைஞ்சு நின்னுருச்சு. வாய்க்கால்ல தண்ணி வந்துட்டே இருக்குது, வடியறதுக்கு வழியில்ல. வயல் ஊறி, வரப்பு ஒடையுது. அந்த ஒடைப்புதான் ரத்தக் கசிவு.

எங்க வாழைக்காட்டுல ஒரு ஐப்பசி மழைக்கு இதே கதைதான் நடந்தது. வடிகால் மூடியிருந்தது தெரியாம விட்டு முந்நூறு மரம் அழுகிப் போச்சு. அதனால அவரு சொன்னது ஒடனே புரிஞ்சுது.

வைத்தியந்தான் பயமா இருந்துச்சு. ரத்தம் உறையாம இருக்கறதுக்கு ஹெப்பாரின் ஊசி போடணும்னாரு. மூளையில ரத்தம் கசியறவளுக்கு ரத்தத்தை இளக்கற மருந்தா? மாப்பிள்ளை கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னாரு. டாக்டர் பொறுமையாச் சொன்னாரு. "ஒடைஞ்ச எடத்துல மண்ணைக் கொட்டிட்டு வடிகாலை மூடியே வெச்சிருந்தா நாளைக்கு வேற எடத்துல ஒடையுமில்லீங்களா? மொதல்ல வடிகாலைத் திறக்கணும்." நான்தான் மாப்பிள்ளையோட கையைப் புடிச்சுப் போட வெச்சேன்.

அதை எப்படிக் கண்டுபுடிச்சாங்கன்னு அவ தேறுனதுக்கப்புறம் அவளே தேடிப் படிச்சு எனக்குத் தமிழ்ல சொன்னா. 1991ல ஜெர்மனியில கார்ல் ஐன்ஹாய்ப்ல்ங்கற டாக்டரும் கூட இருந்தவங்களும் இந்த நோய் வந்த 20 பேரை எடுத்துக்கிட்டாங்க. 10 பேருக்கு ஹெப்பாரின், 10 பேருக்கு வெறும் மருந்து. ஹெப்பாரின் போட்டதுல 8 பேர் முழுசாத் தேறுனாங்க, ஒருத்தரும் சாகலை. போடாத 10 பேர்ல 3 பேர் செத்துட்டாங்க, முழுசாத் தேறுனது ஒரே ஒருத்தர். வித்தியாசம் அவ்வளவு தெளிவா இருந்ததால ஆய்வைப் பாதியிலயே நிறுத்திட்டாங்க. இருபதே பேர்தான். ஆனா என் மருமகளுக்கு அந்த ஊசியைத் தைரியமாப் போட முடிஞ்சதுக்கு அந்த இருபது பேரும் ஒரு காரணம்.

இதைவிட என்னை அடிச்சுப் போட்டது பழைய செய்தி ஒண்ணு. 1828ல ஸ்காட்லாந்துல ஜான் அபர்குரோம்பிங்கற மருத்துவர் எழுதி வெச்சிருக்காரு: 24 வயசுப் பொண்ணு, பிரசவம் ஆகி ரெண்டு வாரத்துல, விடாத வெட்டு வந்து செத்துப் போனா, அறுத்துப் பாத்தா மூளைச் சிரையில ரத்தம் உறைஞ்சிருந்துச்சுன்னு. என் தங்கச்சிக்குக் காத்து அடிச்சுதுன்னு நாங்க கயிறு கட்டறதுக்கு 168 வருஷம் முன்னாலயே இதுக்குப் பேர் இருந்திருக்குது.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். மதுரையில நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் கர்ப்பத்துலயும் பிரசவத்துக்குப் பின்னாலயும் மூளை ரத்தக் குழாய் அடைச்ச 135 பெண்களைப் பத்தி 1983லயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காரு. உலக டாக்டருங்க இந்த நோயைப் பத்திப் பேசுனா நம்ம மதுரைக் கட்டுரையைச் சொல்றாங்க. நம்ம சேதி நமக்குத்தான் வந்து சேரலை.

ஊசிக்கும் அடங்காம மூளை வீங்குனா என்ன பண்றதுங்கறதுக்கும் பதில் இங்கேயே இருக்குது. இந்தியாவுலயே மொதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை 1949ல ஜேக்கப் சாண்டி ஆரம்பிச்சது வேலூர் சி.எம்.சி.யில. அதே ஆஸ்பத்திரியில 2002ல இருந்து 2011 வரைக்கும் இந்த நோய் முத்துன 44 பேருக்கு மண்டை ஓட்டுல ஒரு பெரிய துண்டை எடுத்து, வீங்குன மூளைக்கு எடம் குடுத்திருக்காங்க. பாதிக்கு மேல தங்கள் வேலையைத் தாங்களே பாத்துக்கற அளவுக்கு மீண்டு வந்தாங்க. எங்களுக்குப் பக்கத்துப் படுக்கையில தாராபுரம் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி இருந்தா. எடுத்த எலும்பை அவ வயித்துத் தோலுக்கு அடியிலயே வெச்சுத் தைச்சிருந்தாங்க, கெடாம இருக்கறதுக்கு. சில மாசம் கழிச்சு எடுத்துத் திருப்பி வெப்பாங்களாம். எங்களுக்கு அதுக்கு அவசியம் வரலை. மூணாம் நாள் கண்ணு தெளிஞ்சு, "புள்ளைக்குப் பால் யாரு குடுத்தா?"ன்னு கேட்டா.

நாலாம் நாள் டாக்டர் விவரம் எழுதிக்கிட்டு இருந்தாரு. குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி வந்திருக்கான்னு கேட்டாரு. அம்மாதான் பதில் சொன்னாங்க. தங்கச்சி கதையை மொதல்ல இருந்து சொன்னாங்க. அவரு பேனாவை வெச்சுட்டுக் கேட்டாரு. "அதுவும் இதுதான்னு இப்ப உறுதியாச் சொல்ல முடியாதுங்கம்மா. ஆனா கேக்கறதுக்கு இதே மாதிரிதான் இருக்குது"ன்னாரு. அப்புறம், "தண்ணி எவ்வளவு குடிச்சாங்க?"ன்னு கேட்டாரு.

அம்மா எதுவும் பேசலை. நான்தான், "மூணு டம்ளருங்க"ன்னேன்.

அவரு திட்டலை. பிரசவத்துல ரத்தம் எச்சாப் போயிடக் கூடாதுன்னு இயற்கையே அந்தச் சமயத்துல ரத்தத்துக்கு உறையற குணத்தைக் கூட்டி வெச்சிருக்குது, அதனால எல்லாப் பொம்பளைக்கும் அந்த ஆறு வாரம் கொஞ்சம் ஆபத்துத்தான். அதோட ரத்தசோகையோ, சொரமோ, தண்ணி வத்துன ஒடம்போ சேர்ந்தா ஆபத்து கூடும்னு சொன்னாரு. தண்ணி ஒண்ணே காரணம்னு சொல்லிட முடியாது, சில குடும்பத்துல பரம்பரையாவே ரத்தம் சீக்கிரம் உறையும், அதைப் பரிசோதிக்க மருந்தை நிறுத்துன பின்னாலதான் முடியும்னாரு.

திரும்பி வர்றப்ப பல்லடம் வரைக்கும் அம்மா வாயத் திறக்கலை. அப்புறம், "அவளும் தண்ணி கேட்டா சாமி. உங்க தங்கச்சியுந்தான் கேட்டா"ன்னாங்க. நான் ரோட்டைப் பாத்து வண்டியை ஓட்டிட்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்தப்புறம் மாசக்கணக்குல வார்ஃபரின் மாத்திரை. ரத்தப் பரிசோதனை பண்ணிப் பண்ணி அளவை மாத்துவாங்க. அந்த மாத்திரையோட கதை மாட்டுக்காரங்களோடது, அதனால சொல்லியே ஆகணும். 1920கள்ல அமெரிக்கா, கனடாப் பக்கம் மாடுங்க சும்மா சும்மா ரத்தம் வடிஞ்சு செத்திருக்குது. மழையில நனைஞ்சு பூசணம் புடிச்ச தீவனம் தின்ன மாடுங்க. 1933 பிப்ரவரியில, பனிப்புயல் அடிக்கறப்ப, விஸ்கான்சின்ல எட் கார்ல்சன்ங்கற விவசாயி ஒருத்தரு செத்த கிடேரியையும், உறையாத ரத்தம் ஒரு பால் கேனையும், கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில போட்டுக்கிட்டு, கார்ல் லிங்க்ங்கற வேதியியல் பேராசிரியர்கிட்டக் கொண்டுபோயிருக்காரு. லிங்க் விடாம வருஷக்கணக்கா ஒழைச்சு, ரத்தத்தை உறைய விடாத பொருளைப் பிரிச்செடுத்தாரு. அதுல இருந்து வந்த வார்ஃபரின் 1948ல எலி மருந்தாவும், 1954ல மனுஷனுக்கு மருந்தாவும் ஆச்சு. மாட்டைப் பறிகுடுத்த ஒரு சம்சாரி அன்னைக்கு விதி, காத்துன்னு சொல்லிட்டு வீட்டுலயே உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைச்சுப் பாக்கறேன்.

மருமக இப்ப நல்லா இருக்கா. வேலைக்குப் போறா. வலது கையில எழுதறப்ப மட்டும் கொஞ்சம் மெதுவு. கர்ப்பத்தடை மாத்திரை அவளுக்கு ஆகாது, அடுத்த பிரசவம்னா மொதல்லயே டாக்டர்கிட்டச் சொல்லணும்னு சீட்டுல எழுதிக் குடுத்திருக்காங்க.

மருந்து நிறுத்துனதுக்கப்புறம் அந்தப் பரம்பரைச் சோதனையும் பண்ணுனோம். முடிவு வந்துச்சு. எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு போட்டிருந்துச்சு. அம்மா, "என்ன சாமி எழுதியிருக்குது?"ன்னு கேட்டாங்க. "ரத்தத்தோட வாகே அப்படித்தானாமுங்கம்மா, நம்மளால ஆனது ஒண்ணுமில்லை"ன்னேன். பிரசவத்துல எல்லாருக்கும் ரத்தத்தோட வாகு அப்படித்தானே, அதனால பாதிப் பொய்தான். அம்மாவுக்கு இதையெல்லாம் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்ச நீங்க அவங்ககிட்டச் சொல்லிடாதீங்க.

உங்க வீட்டுலயோ ஊருலயோ பிள்ளை பெத்தவ இருந்தா ரெண்டு விஷயம் மட்டும் பாருங்க. தாகம்னா தண்ணி குடுங்க, கேக்காட்டியும் குடுங்க. பிரசவம் ஆகி ஆறு வாரத்துக்குள்ள விடாத தலைவலி, அதுவும் படுத்தா எச்சாகற வலி, வாந்தி, கண்ணு மங்கறது, கை கால் மரத்துப் போறது, வெட்டு, இதுல எது வந்தாலும் ஸ்கேன் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒடனே கூட்டிட்டுப் போங்க. அங்க போயி, "பிரசவம் ஆகி இத்தனை நாள் ஆச்சு"ன்னு மொதல் வார்த்தையாச் சொல்லுங்க.

முந்தா நாள் பக்கத்துத் தோட்டத்துல ஒரு பொண்ணு பிள்ளை பெத்து வந்திருக்குன்னு அம்மா பாக்கப் போனாங்க. நானும் வண்டியில கொண்டுபோயி விட்டேன். குழந்தையைக் கூடப் பாக்கலை. நேராக் கட்டில்கிட்டப் போயி, "தண்ணி குடிச்சியா கண்ணு?"ன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு அவங்க அம்மாவோட மூஞ்சியைப் பாத்துச்சு. எங்க அம்மாவே அடுப்படிக்குப் போயி ஒரு சொம்புல கொண்டாந்து குடுத்துட்டு, குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னாங்க.

வானம் மூடிட்டு வருதுங்க. வாழைக்காட்டுல வடிகாலைத் திறந்து விடணும். மறுபடியும் எழுதறேன்.