கோடம்பாக்கம் டு பாண்டி பஜார்: ஈழப் போரின் சென்னை முகவரிகள்!

கோடம்பாக்கம் என்றால் சினிமாதான் நினைவுக்கு வரும். ஆனால், 1980-களின் ஈழப் போர் அரசியலும் இந்தத் தெருக்களில்தான் நடமாடியது. ஒரு மாலை நேரம் போதும், நடந்தே பார்த்துவிடலாம்.

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் பாண்டி பஜார் பக்கம்தான். 1982 மே 19 அன்று பிரபாகரனும் 'புளொட்' உமா மகேஸ்வரனும் இங்கேதான் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். இருவரையும் ஒப்படைக்கச் சொன்னது இலங்கை. தமிழகக் கட்சிகள் எதிர்த்தன. இருவருக்கும் ஜாமீன் கிடைத்தது.

அப்போது முதல்வர், கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். அவருடைய நினைவு இல்லம் தி.நகர் ஆற்காடு தெருவில் இருக்கிறது. பயிற்சி கொடுத்தது டெல்லி. ஆனால், பணம் வேறு வழியிலும் வந்தது. 1984-ல் எம்.ஜி.ஆரைச் சந்தித்தபோது புலிகளுக்கு 2 கோடி ரூபாய் கொடுத்தார் என ஆன்டன் பாலசிங்கம் எழுதியிருக்கிறார். புலிகள் எம்.ஜி.ஆர் பக்கம், 'டெலோ' கலைஞர் பக்கம் என்று நெருக்கம் பிரிந்தது. 1986 மே மாதம் யாழ்ப்பாணத்தில் டெலோவைப் புலிகள் அழித்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் புலிகளின் தகவல் தொடர்புக் கருவிகளைத் தமிழக போலீஸ் பறிமுதல் செய்தது. பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்தார். கருவிகள் திரும்பி வந்தன.

அந்த நவம்பர் 1, தீபாவளி. கோடம்பாக்கத்தை ஒட்டிய சூளைமேட்டில் ஈழப் போராளிகள் சுட்டதில் உள்ளூர் இளைஞர் ஒருவர் இறந்தார். தலைவர்களின் நட்புக்குத் தெருவில் இருப்பவன் கொடுத்த விலை அது.

1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர் மறைந்தார். அதற்குள் இந்தியப் படை புலிகளோடு போரில் இருந்தது.

கடைசி முகவரி, கோடம்பாக்கம் ஜக்கரியா காலனி. 1990 ஜூன் 19 அன்று ஈ.பி.ஆர்.எல்.எஃப் தலைவர் பத்மநாபாவையும் அவரோடு இருந்தவர்களையும் ஓர் அடுக்குமாடி வீட்டில் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். டெல்லிக்கு நெருக்கமானவர் அவர். புலிகளுக்கு இடம் கொடுப்பதாகக் கலைஞர் அரசு மீது குற்றச்சாட்டு வலுத்தது. அப்போது காங்கிரஸ் தயவில் நின்றது பிரதமர் சந்திரசேகரின் அரசு. காங்கிரஸும் அ.தி.மு.க-வும் நெருக்க, கவர்னர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும், 1991 ஜனவரி 30-ல் தி.மு.க ஆட்சி கலைக்கப்பட்டது.

யார் யாருக்கு வேண்டியவர் என்பதை வைத்து ஒரு போர் நகர்ந்தது. ஓர் ஆட்சியும் போனது. இதில் எதற்கும் இந்தத் தெருக்காரர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. குண்டு மட்டும் அவர்கள் வாசலில் வெடித்தது.